எட்டாம் வகுப்பு போகும் பையனுக்கு எந்த முகாம்? மலை, சாரணர், தாத்தா ஊர்

ஏப்ரல் பாதி தாண்டினால் போதும், சென்னையில் எந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தாலும் ஒரே கேள்விதான்: "பையனை எந்த கேம்ப்ல போடலாம்?" பரீட்சை முடிந்துவிட்டது. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளையை வெளியே அனுப்ப மனசு வராது. உள்ளே வைத்தால் கையில் போன். எங்கள் வீட்டிலும் இந்த வருடம் இதே பேச்சுதான். மகனுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. ஜூனில் எட்டாம் வகுப்பு. கூடாரம், காடு, மலை என்று ஒரு இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

விசாரிக்க வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. அண்ணன் பையன் கொடைக்கானல் பக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கான பத்து நாள் முகாமுக்குப் போய் வந்தவன். அக்கா பையன் ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளியின் சாரணர் படையில் இருக்கிறான். இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். அதற்கு மேல் முகாம் நடத்துகிறவர்கள் சிலருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அதையெல்லாம் வைத்து எங்களுக்குக் கிடைத்த தெளிவை எழுதுகிறேன். இதே குழப்பத்தில் நிறைய வீடுகள் இருக்கின்றன.

முதலில் ஒன்று. முகாமை அதன் சாகசப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நேர அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கட்சி. நோட்டீஸில் ராப்பெல்லிங், ஜிப்லைன், கயாக்கிங், வில்வித்தை என்று வரிசையாக இருக்கும். எதில் அதிகம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் பல வீடுகளில் பணம் கட்டுகிறார்கள். ஆனால் போய் வந்த பையன்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஜிப்லைன் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. மழையில் டென்ட் ஒழுகியது, சோறு அடிப்பிடித்தது, தண்ணீர் தூக்குவது யார் முறை என்று நடந்த சண்டை, ராத்திரி பாத்ரூம் போகத் துணைக்கு எழுந்து வந்த பையன், இதையெல்லாம்தான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை பையன் தன் கையால் என்ன செய்கிறான் என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. சாகசம் அப்புறம்.

இந்த வழக்கம் தொடங்கிய இடத்திலேயே அது அப்படித்தான் இருந்தது. 1861-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போய், கடலோரம் கூடாரம் போட்டு, இரண்டு வாரம் தங்க வைத்தார். நியூயார்க் மாநிலத்தில் 1885-ல் தொடங்கிய கேம்ப் டட்லி என்ற ஆண்பிள்ளைகள் முகாம் இன்றும் நடக்கிறது. அங்கத்திய பழைய முகாம்களின் ஒரு நாளைப் பார்த்தால் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. காலையில் ஊதுகொம்பு, கொடியேற்றம், படுக்கையை மடித்து வைத்தானா என்று சோதனை, ஏரியில் நீச்சல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாய ஓய்வு, அந்த நேரத்தில் வீட்டுக்குக் கடிதம், சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி நெருப்பைச் சுற்றிப் பாட்டு. நடுவில் ஓரிரு நாள் படகிலோ நடந்தோ காட்டுக்குள் பயணம். அவர்களுக்குக் கோடை விடுமுறை இரண்டு மாதத்துக்கு மேல். முகாமும் வாரக்கணக்கில் நீளும். அவசரமே இல்லை.

நம் ஊருக்கு வரும்போது அந்த வாரங்கள் மூன்று நாள், ஐந்து நாள் என்று சுருங்கிவிட்டன. ஆனால் பட்டியல் மட்டும் சுருங்கவில்லை. எல்லாவற்றையும் ஐந்து நாளில் திணிக்கிறார்கள். ஓர் இடத்தில் நேர அட்டவணை கேட்டு வாங்கினேன். மொத்தம் நாற்பது பையன்கள். பாறை ஏற்றத்துக்கு ஒரு கயிறு, மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு பையனுக்கு நாலரை நிமிடம். மிச்ச நேரம் ஹெல்மெட்டோடு வரிசையில் நிற்பான். கயிறு எத்தனை, பையன்கள் எத்தனை என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த முகாமை அப்படியே விட்டுவிடலாம்.

மலை முகாம்

அண்ணன் பையன் போன இடம் கொடைக்கானலிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே. சுமார் 2,100 மீட்டர் உயரம். மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும், கோடை மழை எந்த நேரத்திலும் கொட்டும். டென்ட்டுக்கு நாலு பேர். இரண்டு டென்ட் சேர்ந்தால் ஒரு குழு, அதற்கு ஒரு அண்ணன். அந்த அண்ணன் பத்து நாளும் மாறவில்லை. நான் கேட்டதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். எட்டுப் பேரில் எவன் சாப்பிடவில்லை, எவன் ராத்திரி அழுதான், எவனுக்குக் காலில் கொப்புளம் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அந்த ஒருவர் தினமும் அங்கேயே இருக்க வேண்டும். பல முகாம்களில் காலை ஒரு பயிற்சியாளர், மாலை ஒரு பயிற்சியாளர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

அவனிடம் முதல் நாளைப் பற்றிக் கேட்டபோது, "அத்தை, முதல் மூணு நாள் வீட்டுக்குப் போயிடலாம்னுதான் இருந்துச்சு. நாலாவது நாள் எப்ப மறந்தேன்னே தெரியல" என்றான். ஐந்து நாள் முகாமின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பையனுக்கு இடம் பழகி, பக்கத்தில் படுப்பவனோடு சண்டை தீர்ந்து, சாம்பாரில் காய் எதுவாக இருந்தாலும் தின்னத் தொடங்கும்போது திரும்புகிற பஸ் வந்து நிற்கும். அனுப்புவது என்று முடிவு செய்தால் எட்டு முதல் பத்து நாள் அனுப்புங்கள். செலவுக்காக நாளைக் குறைப்பதைவிட ஒரு வருடம் தள்ளிப் போடுவது மேல்.

அங்கே ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்குச் சமையலறை முறை. முழுச் சமையல் இல்லை. காய் நறுக்க வேண்டும், பரிமாற வேண்டும், பெரிய பாத்திரங்களைத் தேய்க்க வேண்டும். அவரவர் தட்டு எப்போதும் அவரவருக்கு. துணியைக் கல்லில் துவைத்துக் கயிற்றில் போட வேண்டும். மழையில் காயாத காலுறையை அடுத்த நாள் எப்படிப் போடுவது என்பதை ஒவ்வொருவனும் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரி படுக்கும்போது ஈரக் காலுறையை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டால் காலையில் பாதியாவது காய்ந்திருக்கும் என்று எங்களுக்கு அவன் விளக்கியபோது, அவன் அப்பா வாயைத் திறக்கவில்லை. வீட்டில் காலுறையைக் கழற்றிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிற பையன் அவன்.

ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் முகாம் எதற்கு என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்விதான். பெண்பிள்ளைகளும் சேர்ந்த முகாம்களில் நல்லவை இருக்கின்றன, பத்து வயதுக்குள் என்றால் அதுவே போதும். ஆனால் நம் வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தட்டு கழுவ அம்மா இருக்கிறாள், தண்ணீர் எடுத்துத் தர தங்கை இருக்கிறாள். இருபாலரும் இருக்கும் இடத்தில் சமையலறை வேலை தன்னாலேயே பெண்பிள்ளைகள் பக்கம் நகர்ந்துவிடுவதை நான் பள்ளி விழாக்களிலேயே பார்க்கிறேன். பையன்கள் மட்டும் இருக்கும் இடத்தில் தள்ளிவிட ஆள் கிடையாது. அவர்களேதான் பெருக்க வேண்டும், அவர்களேதான் தேய்க்க வேண்டும். இது ஒன்றுக்காகவே இந்த வகை முகாம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பையன்கள் மட்டும் கூடும் இடத்தில் சின்னவனை மிரட்டுவது, பட்டப்பெயர் வைத்து அழ விடுவது எல்லாம் நடக்கும். அதற்கும் மேலான ஆபத்துகளும் உண்டு. 2012-ல் வந்த போக்சோ சட்டம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பையன் விஷயத்தில் நாம் கேட்பதே இல்லை. ராத்திரி டென்ட் வரிசையில் யார் படுப்பார்கள்? ஒரு பெரியவர் ஒரு பையனோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா? ஊழியர்கள் பற்றிக் காவல்துறைச் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்கிறார்கள்.

இடம் என்று பார்த்தால் சென்னைக்காரர்களுக்குக் கொடைக்கானல் தூரம். ரயிலில் கோடை ரோடு வரை போய் அங்கிருந்து மலையேற வேண்டும். பார்க்கப் போகும் பெற்றோர் சொந்த வண்டியில் போவதானால், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏலகிரி சென்னைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் இறங்கி, புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வந்துவிடும். உயரம் சுமார் 1,100 மீட்டர்தான் என்பதால் மே மாதப் பகல் அங்கேயும் சுடும், ஆனால் சென்னை மாதிரி புழுங்காது. சுவாமி மலை ஏற்றம் முதல் தடவை போகும் பையனுக்கு அளவான ஏற்றம். உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் அரை நாளில் போய்ச் சேரலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். காடு, குளிர், மழை என்று உண்மையான அனுபவம் வேண்டும் என்றால் கொடைக்கானல். முதல் தடவை, பையன் கொஞ்சம் பயந்த சுபாவம் என்றால் ஏலகிரி.

மலை முகாமில் காட்டுக்குள் நடை இருந்தால் வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வருடமே மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. தீ அபாயம் இருக்கும் மாதங்களில் வனத்துறை பாதைகளை மூடிவிடும். "அதெல்லாம் நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, கூட்டிட்டுப் போயிடுவோம்" என்று ஒருவர் என்னிடம் போனில் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அப்புறம் தண்ணீர். ஏரியில் படகு, கயாக் என்று இருந்தால் லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் இருக்கிறதா, உயிர்காப்பாளர் யார் என்று கேளுங்கள். நல்ல முகாம்களில் நீச்சலுக்கு ஜோடி முறை வைத்திருப்பார்கள். தண்ணீரில் இறங்கும் முன்பே இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். சில நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் கேட்டதும் இருவரும் கையைக் கோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒருவன் கை தனியாகத் தெரிந்தால் எல்லோரும் கரை ஏற வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, உயிரைக் காப்பாற்றும் வழக்கம் இது. எப்படியானாலும் நீச்சல் தெரியாத பையனை ஏரி முகாமுக்கு அனுப்புவதற்கு முன் நீச்சல் கற்றுக் கொடுத்துவிடுங்கள். வேளச்சேரி நீச்சல் வளாகம், மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் என்று நமக்கு வசதி இருக்கிறது.

மருத்துவ விஷயத்தில் இரண்டைச் சொல்கிறேன். ஏலகிரி, ஜவ்வாது மலை அடிவாரம் போன்ற சூடான இடங்களில் தரையில் படுக்கும்போது கட்டுவிரியன் பயம் உண்டு. ராத்திரியில்தான் நடமாடும். கடித்தது பல சமயம் வலிக்கவே வலிக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குவது என்று ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். அடிப்பக்கம் சேர்த்துத் தைத்த, ஜிப் முழுக்க மூடும் டென்ட்டா என்று பாருங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முகாம் தலைவர் யோசிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது, திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டில் தங்கியதை மறக்காமல் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு அதுதான் துப்பு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

தினம் நூறு போட்டோ அனுப்புகிறோம் என்று சில முகாம்கள் பெருமையாகச் சொல்கின்றன. எனக்கு அது வேண்டாம். எட்டுப் பையன்களைப் பார்க்க வேண்டியவர் கையில் போன் இருந்தால் கண் பையன்கள் மேல் இருக்காது. சாயங்காலம் ஒரு செய்தி வந்தால் போதும்.

சாரணர் முகாம்

சாரணர் என்றதும் குடியரசு தின அணிவகுப்பில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நிற்கும் பையன்கள்தான் பலருக்கு ஞாபகம் வருகிறார்கள். இயக்கமே ஒரு முகாமில் பிறந்தது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் பேடன் பவல், பணக்காரப் பள்ளிப் பையன்களையும் உழைக்கும் வீட்டுப் பையன்களையும் சேர்த்து இருபது பேர் அளவில் ஒரு வாரம் கூடாரத்தில் தங்க வைத்தார். சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். நம் சென்னைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அப்போது இங்கிருந்த சாரணர் படைகளில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதனால் 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் இங்கேயே இந்தியச் சிறுவர்களுக்கென்று தனியாகச் சாரணர் சங்கம் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு பல பிரிவுகளும் இணைந்து 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆனது.

முகாம் என்று பார்த்தால் மலை முகாமுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இங்கே பையன்களுக்காக யாரும் எதையும் தயாராக வைத்திருக்க மாட்டார்கள். கூடாரத்தை அவர்களே அடிக்க வேண்டும். மூங்கில் கழியும் கயிறும் கொடுப்பார்கள். தட்டு வைக்கும் ஸ்டாண்ட், செருப்பு வைக்கும் ஸ்டாண்ட், துணி காயப்போடும் கொடி, வாசலுக்கு ஒரு கேட் எல்லாம் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும், ஆணி கூடாது. காலை பேடன் பவலின் ஆறு உடற்பயிற்சிகள், கொடி, அப்புறம் இன்ஸ்பெக்ஷன். பெட்டி, படுக்கை, நகம், பாத்திரம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். மதிப்பெண் அணிக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. ஒருவன் தட்டைக் கழுவாமல் வைத்தால் மற்றவர்கள் அவனை விடமாட்டார்கள்.

அக்கா பையன் சொன்னதில் எனக்கு மறக்காத விஷயம் சமையல். மூன்று கல் வைத்து விறகில் சமைக்கிறார்கள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பு அதன் வெளிப்பக்கம் முழுக்கக் களிமண்ணைக் குழைத்துப் பூசுகிறார்கள். கரி மண்ணில் பிடிக்கும், கழுவும்போது மண்ணோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். பூசாமல் வைத்த அணி சாயங்காலம் விளையாடப் போகாமல் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "ஒரு தடவை பூச மறந்தா போதும் சித்தி, அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது" என்றான். முதல் நாள் சோறு மேலே வேகாமல், அடியில் கருகி, நடுவில் கஞ்சியாக இருந்ததாம். அதைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் சாரண ஆசிரியரே கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி வந்ததாம். பதிமூன்று வயதில் விறகடுப்பில் எட்டுப் பேருக்குச் சோறு வடிக்கத் தெரிந்த பையன் சென்னையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

செலவு என்று பார்த்தால் பக்கத்தில்கூட வராது. மலை முகாமில் பத்து நாளுக்குக் கட்டணம், பயணம், பை, ஷூ, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் சேர்த்து நடுத்தர வீட்டுக்குக் கனமான தொகை. சாரணர் முகாமில் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஆகும் பணத்தோடு சீருடைச் செலவு. அவ்வளவுதான். அதைவிட முக்கியம், இது பத்து நாளில் முடிவதில்லை. வாரா வாரம் அதே அணி, அதே பையன்கள். முகாமில் கற்ற முடிச்சை ஆகஸ்டில் மறுபடி போட வைக்கிறார்கள். மலை முகாமில் கிடைத்த நண்பர்கள் பஸ் ஸ்டாண்டோடு போய்விடுகிறார்கள். அண்ணன் பையனுக்கு இன்றைக்கும் அந்த எட்டுப் பேரில் ஒருவனோடுதான் தொடர்பு இருக்கிறது.

குறைகளும் உண்டு. எல்லாம் சாரண ஆசிரியரைப் பொறுத்தது. ஆர்வமுள்ளவர் கிடைத்தால் பையன் அதிர்ஷ்டசாலி, இல்லையென்றால் வெறும் அணிவகுப்பும் கைதட்டலும்தான். பல முகாம்கள் காட்டில் நடப்பதில்லை, புறநகரில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும். வேப்பமரம் இருக்கும், மலை இருக்காது. மேல் வகுப்பு போகப் போக, சாரணர்களுக்கு மாநில அளவில் தரும் ராஜ்ய புரஸ்கார் விருதுக்குத் தயாராவதே குறியாகி, முகாம் என்பது பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது என்று அக்கா வருத்தப்படுகிறாள். பையன் படிக்கும் பள்ளியில் படை இல்லையென்றால் வெளியே திறந்த குழுவைத் தேடிப் போக வேண்டும். அதோடு, இந்த மே மாதம் பையன் சும்மா இருக்கிறான், அனுப்ப வேண்டும் என்றால் சாரணர் இயக்கம் உடனே உதவாது. ஜூனில் சேர்ந்து, பழகி, அப்புறம்தான் முகாம்.

தாத்தா ஊர்

என் மாமியார் இதைத்தான் முதலில் சொன்னார். "கேம்ப்பாவது ஒன்னாவது, கும்பகோணத்துக்கு அனுப்பு, தாத்தா பாத்துக்குவார்." யோசிக்காமல் தள்ளக்கூடிய யோசனை இல்லை இது. நுங்கு, மாம்பழம், மாடு, வெயிலில் ஓடுகிற பங்காளிப் பிள்ளைகள், ராத்திரி மொட்டை மாடி. செலவே இல்லை. முக்கியமாக, யாரும் நேர அட்டவணை போடமாட்டார்கள். சும்மா இருக்கப் பழகுவதற்குப் பையன்களுக்கு வேறு இடமே இல்லை இப்போது.

ஆனால் நம் தலைமுறை ஞாபகத்தில் வைத்திருக்கும் ஊர் வேறு, மே மாதத்தில் பையன் பார்க்கப்போகும் ஊர் வேறு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். மே மாதத்தில் காவிரியில் மணல்தான் இருக்கும், வாய்க்காலில் அதுவும் இருக்காது. பம்ப்செட் ஓடினால் அதில் குளிக்கலாம். ஊரில் இருந்த பிள்ளைகளும் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். தாத்தா வீட்டில் பேரன் தட்டைக் கழுவப் பாட்டி விடவே மாட்டார். நான் முதலில் கேட்ட கேள்விக்கு, பையன் தன் கையால் என்ன செய்கிறான் என்பதற்கு, அங்கே பதில் கிடைப்பதில்லை. ஒரு வேலை கொடுத்து அனுப்பினால் மட்டும் இது மாறும். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, மாட்டைக் கொட்டகையில் கட்டுவது என்று அவன் பொறுப்பில் ஒன்றை விட்டுவிடும்படி மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மற்றவை

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்களில் இரண்டு நாள் 'அட்வென்ச்சர் கேம்ப்' நடத்துகிறார்கள். குடும்பத்தோடு ஒரு நாள் போய் வரலாம், முகாம் என்று அதற்குப் பணம் கட்ட மாட்டேன்.

தினம் வீட்டிலிருந்து போய் வரும் வகையில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு வருடமும் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாம் குறைந்த செலவில் நல்லது. காட்டு ஆசை உள்ள பையனுக்குச் சென்னையிலும் பக்கத்திலும் இடம் இருக்கிறது. கிண்டி பாம்புப் பண்ணை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அந்தச் சங்கம் எடுத்துக் கொடுப்பதுதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை என்றால் ஆமை நடை இருக்கிறது. 1988-லிருந்து மாணவர்கள் நடத்தும் அமைப்பு அது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க மணலில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிறார்கள். ஒரு ராத்திரி தூங்காமல் அந்த மணலில் நடந்த பையனுக்கு, முகாமுக்குத் தாக்குப்பிடிப்பானா என்ற சந்தேகம் தேவையில்லை.

என்.சி.சி.யின் பத்து நாள் முகாம் கட்டுப்பாட்டுக்கு நல்லது, ஆனால் பள்ளியில் பிரிவு இருந்து, அதில் கேடட்டாக இருந்தால்தான். இமயமலை வகைப் பயிற்சிகளைப் பதினைந்து வயதுக்கு முன்னால் யோசிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

எங்கள் முடிவு

ஒன்றைத்தான் செய்ய முடியும், பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் சாரணர் இயக்கம்தான் என் பதில். வேலையும் பொறுப்பும் அங்கேதான் ஆழமாக இருக்கிறது, வருடம் முழுக்கத் தொடர்கிறது. பதிமூன்று, பதினாலு வயதில், வீட்டை விட்டுத் தங்கிப் பழகிய, நீச்சல் தெரிந்த பையன் என்றால் பத்து நாள் மலை முகாம். அதற்கு முன்பே அனுப்பலாம்தான், அண்ணன் பையன் போனான். ஆனால் முடிச்சும் அடுப்பும் கூடாரமும் தெரிந்த பையன் அந்தப் பத்து நாளில் எடுத்துக்கொள்வது அதிகம். அதனால் வரிசையை அப்படி வைத்தோம்.

என் மகனுக்கு இந்த மே மாதம் காலையில் வேளச்சேரியில் நீச்சல். அதன் பிறகு இரண்டு வாரம் கும்பகோணம், தென்னை மரங்கள் அவன் பொறுப்பு. தாத்தா ஒத்துக்கொண்டார், பாட்டி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூனில் பள்ளிச் சாரணர் படையில் சேர்கிறான். கொடைக்கானல் அடுத்த கோடைக்கு.

மலை இந்த வருடம் இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "அடுத்த வருஷம் மாத்திப் பேச மாட்டீங்கல்ல?" என்று அவன் அப்பாவிடம் சத்தியம் வாங்கினான். 2024-ல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்யலாம். மழைக்காலம் முடிந்ததும் அதில் எளிதான பாதை ஒன்றுக்கு அப்பாவும் பிள்ளையும் போவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். எந்தப் பாதை என்பதில்தான் இப்போது வீட்டில் சண்டை.